நீல விளக்கா, வாடகைப் போர்வையா, மொட்டைமாடி வெயிலா?

கார்த்திகை மழையில் பிறந்தாள் என் மகள், 37 வாரத்திலேயே. மூன்றாம் நாள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலை. அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருள் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 18.4 மில்லிகிராம். "லைட்டில் வைக்க வேண்டும்" என்றார் மருத்துவர். மருத்துவமனையின் எல்இடி விளக்கு, வீட்டுக்கு வாடகைக்கு வரும் ஒளிப்போர்வை, மாமியார் சொன்ன நங்கநல்லூர் மொட்டைமாடி வெயில் என்று மூன்று பேச்சு எழுந்தது. நாங்கள் விளக்கைத் தேர்ந்தோம்; என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

"இளவெயிலில் காட்டினால் இறங்கிவிடும் மாப்பிள்ளை, இவளும் அப்படித்தான் தேறினாள்" என்றார் மாமியார். முழுதாகத் தள்ளிவிட முடியாத பேச்சு. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயிலில் கிடத்திய குழந்தைகளின் மஞ்சள் மங்குவதைக் கவனித்ததில்தான் இந்தச் சிகிச்சையே தொடங்கியது. விளக்கைக் கொண்டு செய்த ஆய்வு 1958இல் வெளியானது. ஆனால் வெயிலில் நீல ஒளியோடு புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்தே வரும். பச்சிளங்குழந்தையைத் துணியில்லாமல் மணிக்கணக்கில் கிடத்த முடியாது. எங்கள் வீட்டில் இந்த விவாதம் நீளவில்லை. நான்கு நாளாகச் சூரியனையே காணோம்.

ஒளிப்போர்வையை நான் பயன்படுத்தியதில்லை. ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் பார்த்ததோடு சரி. முதுகுக்கடியில் ஒளிரும் பட்டை, மேலே சுற்றிய துணி. குழந்தையை மடியில் வைத்தே பால் கொடுக்கலாம், கண்ணைக் கட்ட வேண்டியதில்லை. சிசேரியன் தையலோடு இருக்கும் தாய்க்கு இது பெரிய வரம். ஆனால் ஒளி படும் பரப்பு குறைவு. நிறைமாதக் குழந்தைகளிடம் மேல்விளக்கு அளவுக்கு வேகமாக இறக்குவதில்லை. அளவு சற்றே கூடியிருக்கும் குழந்தைக்கு, மறுநாள் பரிசோதனைக்கு வழியிருந்தால், இதையே எடுத்திருப்பேனோ என்னவோ.

என் சாய்வை உறுதியாக்கியது ஒரு சின்னக் கருவி, ஒளியின் வலுவைக் காட்டும் அளவி. ஒளிதான் இங்கே மருந்து. 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி தோலில் படும்போது பிலிருபின் உருமாறி, பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. தீவிர ஒளிச்சிகிச்சைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டாவது வேண்டும். கண்ணுக்கு எல்லா நீலமும் ஒன்றுபோல்தான் தெரியும். முதல் நாள் இரவு தரை துடைக்க வந்தவர் விளக்குத் தாங்கியை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். அறை முன்போலவே நீலமாக இருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. செவிலியர் வந்து மகளின் வயிற்றருகே அளவியைப் பிடித்தார்: 18. தாங்கியை இறக்கினார்: 33. அவர் அளக்காமல் இருந்திருந்தால் இரவு முழுவதும் பாதி மருந்துதான் போயிருக்கும். பழைய குழல்விளக்கு இன்னும் மோசம். எரிந்துகொண்டே இருக்கும், வீரியம் மட்டும் தேய்ந்துபோயிருக்கும். எல்இடி அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை, சூடும் குறைவு.

கண்ணை ஏமாற்றுவது இன்னொன்றும் உண்டு. விளக்கடியில் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கும். வீட்டில் இருந்திருந்தால் "மஞ்சள் போய்விட்டது" என்று இரண்டாம் நாளே அணைத்திருப்போம். இங்கே ஊசி குத்தித்தான் பார்த்தார்கள்: மறுநாள் 13.6. பாலுக்கு மட்டும் வெளியே எடுத்தோம். சர்க்கரைத் தண்ணீர் கூடவே கூடாது என்றார்கள். மாமியாரின் முகம் சுருங்கியது.

குறை இல்லாமலில்லை. இரண்டு இரவு, கண்ணைக் கட்டிய குழந்தையைப் பார்த்து அழுத மனைவி, போர்வை வாடகையைவிடக் கூடுதலான செலவு. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மலம் வெளிறியிருந்தாலோ இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

போர்வை வாடகைக்குவிடும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒளியை அளந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். "நல்லா பளிச்சுன்னு எரியும் சார்" என்றார்.