125 சிசியா, 400 சிசியா? டாப்பெட் மூடியைத் திறந்து பார்த்தால்

ஒரு பக்கம் 100 முதல் 125 சிசி வரையிலான, காற்றிலேயே குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டி. மறுபக்கம் 300 முதல் 400 சிசி, ரேடியேட்டர் வைத்த, 40 குதிரைத்திறனைத் தொடும் வண்டி. தினமும் ஓட்ட ஒரே ஒரு வண்டிதான் என்றால் என் தேர்வு சின்னதுதான். ஏன் என்பதற்கான காரணம் மைலேஜில் இல்லை, வால்வில் இருக்கிறது.

மைலேஜும் எடையும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சின்னது லிட்டருக்கு 50, 60 கிலோமீட்டர் கொடுக்கும்; பெரியது 25, 30. சின்னது 110 முதல் 125 கிலோ. பெரியது பெரும்பாலும் 170 கிலோ அளவில் இருக்கும். சரிவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுக்கும்போது அந்த 50 கிலோ வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

திறனைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஒருவர் ஓட்டும் வண்டிக்குச் சமதளச் சாலையில் 60 கிமீ வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரத்தில் ஏறக்குறைய 3 குதிரைத்திறன் போதும். 80க்கு 6, 7 வேண்டும். 100க்கு 12 வந்துவிடும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதுதான் காரணம். 9, 10 குதிரைத்திறன் வண்டி 90க்கு மேல் திணறுவதும் இதனால்தான். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 60, 70ல் போகிறவருக்கு 40 குதிரைத்திறனில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த எஞ்சினின் பராமரிப்பில் ஒரு பகுதியும் சும்மா இருப்பதில்லை.

திறன் கைகொடுக்கும் ஓர் இடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 60ல் போகும் 15 மீட்டர் லாரியை 80ல் ஓவர்டேக் செய்வதாக வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் 15 மீட்டர் இடைவெளி விட்டால், லாரியைவிடக் கூடுதலாக 45 மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு 8 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் சாலையில் 180 மீட்டர் போயிருப்பீர்கள். அதே வேலையை 100ல் செய்தால் 4 விநாடி, 110 மீட்டர் சொச்சம். எதிர்த்திசைத் தடத்தில் இருக்கும் நேரம் பாதியாகிறது. சின்ன வண்டியில் 60லிருந்து 80க்கு ஏறவே கணிசமான நேரம் போய்விடும்; பின்னால் ஆள் இருந்தால் இன்னும் மோசம். அதனால் சின்ன வண்டிக்காரர் ஒரு கியர் குறைத்து, முன்னாலேயே வேகம் கூட்டி, எதிர்ப்பக்கம் நெடுந்தூரம் காலியாகத் தெரிந்தால் மட்டும் வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவருக்குச் சின்ன வண்டி ஆபத்து.

இனி வால்வு. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் வரவும், புகை வெளியேறவும் திறந்து மூடும் கதவு அது. அதை அழுத்தித் திறக்கும் கை ராக்கர். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியைச் சரிபார்ப்பதுதான் டாப்பெட் வேலை. சின்ன எஞ்சினில் பெரும்பாலும் இரண்டே வால்வு. ராக்கரின் நுனியில் ஒரு திருகு, அதைப் பூட்ட ஒரு நட். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பிரிப்பது நல்லது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. இரண்டு டாப்பெட் மூடிகளையும், மேக்னெட் பக்கத்தில் உள்ள இரண்டு சின்ன மூடிகளையும் திறந்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே சாக்கெட்டால் மெல்லச் சுற்றி, மேக்னெட் சக்கரத்தில் உள்ள டி குறியை உறையில் உள்ள வெட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். இப்போது இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் பிஸ்டன் தவறான சுற்றில் மேலே நிற்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி அதே குறிக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பார்க்காமல் சரிசெய்கிறவர்கள்தான் இடைவெளியைக் கெடுக்கிறார்கள்.

கையேட்டில் போட்டிருக்கும் அளவு, பல வண்டிகளில் 0.08 மில்லிமீட்டர் அளவில், அந்தத் தடிமனுள்ள ஃபீலர் தகடு லேசாக உராய்ந்து நுழைய வேண்டும். நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான்: நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு மயிரிழை திரும்பி, இடைவெளி மூடிக்கொள்ளும். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பார்க்காமல் மூடியைப் போடக் கூடாது. மொத்த வேலையும் அரை மணி நேரம். கருவி நாலைந்து.

400 சிசி இரட்டை சிலிண்டரில் எட்டு வால்வு, அவற்றை அழுத்தித் திறக்கும் சுழல் தண்டுகளான கேம் ஷாஃப்ட் இரண்டு. திருகு கிடையாது, வால்வின் மேல்நுனியில் கிண்ணம், அதற்கு அடியில் பொத்தான் அளவுக்கு ஷிம் என்ற உலோக வில்லை. அளந்து பார்ப்பதற்கே டேங்க், ஏர் ஃபில்டர் பெட்டி, பல வண்டிகளில் ரேடியேட்டரும் நகர வேண்டும். ஓர் இடைவெளி தவறியிருந்தால் செயின் டென்ஷனரைக் கழற்றி, கேம் ஷாஃப்டைத் தூக்கி, ஷிம்மை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கணக்கு எளியதுதான்: பழைய ஷிம் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, இருக்க வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது ஷிம். 2.50 ஷிம், அளந்தது 0.15, வேண்டியது 0.25 என்றால் 2.40 போட வேண்டும். அந்த 2.40 கடையில் கையிருப்பு இருக்குமா என்பது வேறு விஷயம். திரும்பப் பூட்டும்போது டைமிங் செயினில் ஒரு பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோத வாய்ப்புண்டு.

இது அடிக்கடி வரும் வேலை இல்லை, உண்மைதான். பல கம்பெனிகள் 20,000 கிமீக்கு மேல்கூட அவகாசம் கொடுக்கின்றன. பிரச்சினை வேறு. வால்வு அமரும் இடம் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி சுருங்கும். சுருங்கும்போது சத்தம் வராது, எஞ்சின் இன்னும் அமைதியாக ஓடும். இடைவெளி முழுக்க மூடிவிட்டால் வால்வு இருக்கையில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே மூடியிருக்கும் அந்தக் கணங்களில்தான். அது நடக்காமல் வால்வின் விளிம்பு எரிந்துபோகும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐட்லிங் நிற்காமல் அணைவது, கம்ப்ரஷன் குறைவது என்று அறிகுறி தெரியும்போது ஹெட்டைக் கழற்றும் நிலை வந்திருக்கும். சின்ன எஞ்சினிலும் இது நடக்கும். ஆனால் அங்கே அரை மணி நேர வேலை என்பதால் தள்ளிப்போட மனம் வராது. பெரிய வண்டியில் அந்த சர்வீஸ் பில்லைப் பார்த்து அடுத்த தடவை பார்க்கலாம் என்று விடுகிறவர்கள் நிறைய. திறனுள்ள வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் வேகத்தால் அல்ல, இப்படித் தள்ளிப்போட்ட வேலையால். சில பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும், டாப்பெட் வேலையே இராது. அவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது.

ஹோண்டா சூப்பர் கப் 1958ல் வந்தது. 2017ல் அதன் தயாரிப்பு 10 கோடியைத் தாண்டியது. அந்த வெற்றிக்குக் காரணம் பல. கையளவு கருவிகளோடு பிரித்துப் பூட்டக்கூடிய எஞ்சின் என்பது அவற்றில் முக்கியமானது என்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்னதுக்கு ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர். பெரியதுக்கு இரண்டைத் தொடும், அதுவும் சிந்தெடிக், கூடவே ஃபில்டர். பெரியதில் கூலன்ட் மாற்றும் வேலை தனி. சின்னதின் பின் டயர் பக்குவமாக ஓட்டினால் 20,000 கிமீ தாண்டும். அகலமான ரேடியல் டயர் பலருக்கு 10,000லேயே நடுவில் தட்டையாகிவிடும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் செயினுக்கு எண்ணெய் போடவே தனி ஸ்டாண்ட் வேண்டும். அந்தச் செயினில் ரப்பர் வளையங்கள் இருப்பதால் பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது.

சின்ன வண்டியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே லிட்டர் ஆயில் என்பதால் 200 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பலவற்றில் காகித ஃபில்டர் கிடையாது, வலையும் சுழல் வடிகட்டியும்தான். ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் கேம் தேய்ந்துவிடும். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற, பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் தரக்குறி உள்ள ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள். கார் ஆயில் சில ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் டிரம் பிரேக் கம்பியும் இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே ஓடும். செயின் முடிந்ததும் பெடல் ஆட்டத்தைச் சரிபார்க்க மறக்கக் கூடாது. நிறுத்தும் சக்தியில் டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள பெரிய வண்டி தெளிவாகவே மேல். ஈரச் சாலையில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே சின்னதிலேயே முன் டிஸ்க் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். டியூப் டயர் உள்ள மாடல்களில் அதுவும் ஒரு குறை. ஆணி ஏறினால் ட்யூப்லெஸ் போல மெல்லக் காற்று இறங்காது, சட்டென்று உட்காரும்.

தினமும் 90, 100ல் மணிக்கணக்கில் நெடுஞ்சாலை, அதிலும் பின்னால் ஆளோடு என்றால் 125 சிசியை முழு முறுக்கில் வதைப்பது தவறு, பெரியதை எடுங்கள். 150, 160 சிசி நடுவழி உண்டு. நான்கு வால்வு இருந்தாலும் அவற்றில் பலவற்றில் ராக்கரும் திருகும்தான், ஆகவே எனக்கு அதுவும் சம்மதமே.

பழைய வண்டி பார்க்கப் போகிறவருக்கு ஒன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்த் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சின்ன வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் டாப்பெட் லேசாக டிக் டிக் என்று கேட்டால் பயப்பட வேண்டாம், அரை மணி நேர டாப்பெட் வேலையில் சரியாகும். பெரிய வண்டி சத்தமே இல்லாமல் ஓடினால் கடைசியாக வால்வு அளந்த சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் அளந்தார்கள், எந்த வால்வுக்கு எந்த ஷிம் போட்டார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலை இன்னும் நடக்கவில்லை என்றே வைத்து, அதற்கான செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.