கறுப்பு நாடா சுற்றிய ஷாட்கன் மைக்

ரதி-மன்மதன் கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தை ஒலிப்பதிவு செய்வதற்காக, ஹட்டனில் பழைய கமெராப் பொருட்கள் விற்கும் ஒருவரிடம் 45,000 ரூபாய்க்கு ஒரு ஷாட்கன் மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியையே முக்கியமாகப் பிடிக்கும் நீண்ட குழாய் வடிவ மைக்) வாங்கி ஏமாந்தேன். மலையகத்தில் இத்தகைய மைக் தேடுவோர் வாங்குமுன் இதைப் படித்துவிடுவது நல்லது.

குழாய் முழுவதும் கறுப்பு நாடா நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. கீறல் விழாமலிருக்கச் சுற்றியது என்று விற்றவர் சொன்னதை நம்பியதோடு, முன்பு வைத்திருந்தவர் பொருளைப் பேணத் தெரிந்தவர் என மெச்சவும் செய்தேன். ஆனால் அந்த மைக்கின் திசைத்திறன் குழாயின் பக்கத் துளைகளை நம்பியே இருக்கிறது: பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி அவற்றின் வழியே சற்றுச் சற்று நேர வேறுபாட்டுடன் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேர் முன்னாலிருந்து வருவது மட்டும் வலுக் குறையாமல் சேரும். துளைகளை அடைத்த பின் அது ஷாட்கன் அல்ல. கூத்தன்று ரதியின் பாட்டுக்கு நிகராகப் பக்கத்தில் நின்றவர்களின் பேச்சும் பதிவாகியிருந்தது.

இரவில் பனிமூட்டம் இறங்கியதும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சடசடப்புத் தொடங்கியது. இது மின்னூட்டத்தைக் கொண்டு ஒலியை உணரும் கண்டென்சர் வகை மைக்; அதில் மிக உயர்ந்த மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் படிந்தால், மின்னூட்டம் கசிந்து இப்படித்தான் சத்தமிடும். மறுநாள் நாடாவை உரித்தேன். துளைகளின் உள்வலையில் பச்சைக் களிம்பு.

கடையில் இவை தெரியாமற்போனதற்கு என் அவசரமும் காரணம். வெயில் காய்ந்த நண்பகலில், பஸ் இரைச்சலுக்கு நடுவே, ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கமெராவில் ஒரு நிமிடம் பேசிப் பார்த்தேன். ஒலியளவைக் கையால் நிலைப்படுத்தி, ஒரு கை தூரத்தில் பேசியவாறே மைக்கை 90 பாகை திருப்பியிருக்க வேண்டும். தாழ்ந்த ஒலிகள் அதிகம் மாறாவிட்டாலும் 'ஸ' போன்ற ஒலிகள் தெளிவாக மங்கியிருக்கும். பின்னர் அமைதியான அறையில் ஹெட்போன் அணிந்து, பற்றரியிலும் மைக் கேபிள் வழியே வரும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரத்திலும் தனித்தனியே கால் மணி நேரமாவது கேட்டிருக்க வேண்டும். முடிந்தால் அதையும் பனி விழும் மாலையில். (சென்ஹைசர் எம்கேஎச் 416 போல உயர் அதிர்வெண் முறையில் இயங்கும் மைக்குகள் ஈரத்தை நன்கு தாங்கும், அவற்றின் விலை என் கைக்கு எட்டவில்லை.)

சிலிக்கா ஜெல்லுடன் டப்பாவில் அடைத்து வைத்தால் இரண்டொரு நாள் சத்தம் அடங்குகிறது, மூட்டம் வந்ததும் திரும்புகிறது. விற்றவரிடம் எடுத்துச் சென்றபோது, "கடையில நல்லாத்தானே கேட்டுச்சு தம்பி, நாடாவ நீங்கதானே பிச்சீங்க" என்றார். என்னிடம் ரசீதும் இல்லை.