வியர்வைக் கணக்குக்கு ஒரு எடை மெஷின்

ஓட்டப் பயிற்சிக்காகவே வாங்கிய டிஜிட்டல் எடை மெஷின் இது, 50 கிராம் வித்தியாசம் வரை காட்டுகிறது, எனக்கு அதுதான் வேண்டும். ஓடுவதற்கு முன்னாலும் பின்னாலும் உடம்பைத் துடைத்துவிட்டு ஏறி நின்றால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை (நடுவில் குடித்த தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்). முதல் வாரமே 70 கிலோவில் 1.4 கிலோ போயிருந்தது, அதாவது 2 சதவீதம், அன்றைக்குக் கடைசிச் சுற்றில் கால் எழும்பவே இல்லை.

வியர்ப்பது குறைந்தால் உடம்பு பழகிவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தப்பு. நீர் குறையும்போது இரத்த அளவு குறைந்து உப்பின் அடர்த்தி ஏறுகிறது, மூளை மிச்சத் தண்ணீரைக் காப்பாற்றப் பார்க்கிறது, அதனால் வியர்வை தாமதமாகத் தொடங்கி குறைவாகவே வருகிறது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. வெயிலில் ஓரிரு வாரம் பயிற்சி செய்து பழகிய உடம்போ சீக்கிரமே வியர்க்கும், அதிகமாகவும் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவு.

குறை என்றால், ஈரக் காலோடு நின்றால் எண் தடுமாறுகிறது, கம்பளத்தின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். அப்புறம், ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறோம், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்துதான்.