கண்ணாடி போட்டவருக்கு எந்த ஐபீஸ்? பிளாஸலும் ஜூமும்

டெலஸ்கோப் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். கண்ணாடி போட்டவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஐபீஸிலிருந்து, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழாயிலிருந்து, கண் எவ்வளவு தள்ளியிருந்தால் முழு வட்டமும் தெரியும்? இந்தத் தூரத்துக்கு ஐ ரிலீஃப் என்று பெயர். மூக்குக் கண்ணாடியோடு பார்க்க 15 மி.மீ.யாவது வேண்டும், 20 இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டுப் போகும்.

பெரும்பாலான டெலஸ்கோப்புகளோடு வருவது பிளாஸல் வகை ஐபீஸ். வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் சைமன் பிளாஸல் 1860இல் வடிவமைத்தது. நான்கே லென்ஸ், விலை குறைவு, படம் துல்லியம். ஆனால் இதில் ஐ ரிலீஃப் குவியத் தூரத்தோடு (ஐபீஸின் மி.மீ. எண்; அது குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும்) சேர்ந்தே சுருங்கும். ஏறக்குறைய அதில் முக்கால் பங்கு அல்லது சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். 25 மி.மீ. பிளாஸலில் கண்ணாடியோடு தாராளமாகப் பார்க்கலாம். 10 மி.மீ.க்கு வந்தால் கிடைப்பது 7 மி.மீ. சுற்றித்தான். 6 மி.மீ. பிளாஸலில் கண்ணாடியைக் கழற்றினாலும் இமைமுடி லென்ஸைத் தொடும். நாலு தடவை இமைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, வியாழனைச் சுற்றி மங்கலாக ஒரு புகைவட்டம் தெரியும்.

திருப்பித் திருப்பிக் குவியத் தூரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஜூம் ஐபீஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு குழிலென்ஸ் தொகுதி இருக்கிறது. அது ஒளிக்கதிர்களை விரித்து அனுப்புவதால், அவை கண்பக்க லென்ஸைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப்போய்ச் சேர்கின்றன. கண்ணை வைக்க வேண்டிய இடமும் அதோடு பின்னால் நகர்கிறது. ஆகவே 8 மி.மீ.க்குத் திருப்பினாலும் ஐ ரிலீஃப் பிளாஸல்போலச் சரிவதில்லை. செலஸ்ட்ரான் நிறுவனத்தின் 8-24 மி.மீ. ஜூமுக்கு 15 முதல் 18 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். ஒரே எண்ணாக இல்லாமல் இப்படி வருவதற்குக் காரணம், உள்ளே லென்ஸ்கள் இடம் மாறும்போது கண்ணுக்கான இடமும் சில மி.மீ. முன்பின் நகர்வதுதான். திருப்பியதும் படம் திடீரென்று இருண்டால் ஐபீஸ் பழுது என்று பயப்பட வேண்டாம், தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். துப்பாக்கி ஸ்கோப்புகளிலும் இதே கதைதான். அங்கே பின்னுதைப்புக்காக 9 செ.மீ. அளவுக்கு இடைவெளி விடுகிறார்கள். பல ஜூம் ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது அது குறையும்.

இந்த நகர்வே இல்லாமலும் ஜூம் செய்ய முடியும். டெலிவ்யூ நிறுவனத்தின் நேக்ளர் 3-6 மி.மீ. ஜூமில் எந்த நிலையிலும் 10 மி.மீ. ஐ ரிலீஃப், 50 பாகை பார்வைப்புலம் (ஐபீஸுக்குள் தெரியும் வட்டத்தின் அகலம்). அருமையான வடிவமைப்பு, ஆனால் 10 மி.மீ. மூக்குக் கண்ணாடிக்குப் போதாது. மாறாமல் இருப்பது வேறு, போதுமானதாக இருப்பது வேறு.

சரி, அப்படியானால் 8-24 ஜூம் ஒன்றே போதுமா? போதாது என்பேன். அதன் பலவீனம் 24 மி.மீ. முனையில் இருக்கிறது. அங்கே பார்வைப்புலம் 40 பாகைதான், 8 மி.மீ.க்குப் போனால்தான் 60 ஆகிறது. 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள 6 அங்குல டாப்சோனியனில் (எளிய தாங்கியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி டெலஸ்கோப்) 24 மி.மீ. ஜூம் 50 மடங்கு பெருக்கி, வானில் 0.8 பாகை காட்டும். சாதாரண 25 மி.மீ. பிளாஸல் 48 மடங்கில் ஒரு பாகைக்குச் சற்று மேலே காட்டும். ஓரியன் நெபுலாவின் இறக்கைகளைப் பார்க்கிறபோது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கண்ணாடி உண்மையில் தேவைப்படுவதும் இந்தக் குறைந்த உருப்பெருக்கத்தில்தான். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் இருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாட்டிசம்) இருப்பவர்களுக்கு அது நடக்காது. ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை 3 மி.மீ. தடிமனாக இருக்கும்போது கண்ணின் கோணல் முழுதாகத் தெரிந்து, நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அதே டெலஸ்கோப்பில் 8 மி.மீ. போட்டால் கற்றை 1 மி.மீ.தான், கண்மணியின் நடுவில் சிறு பகுதியை மட்டும் அது பயன்படுத்துவதால் லேசான சிலிண்டர் பவர் அவ்வளவாகத் தொல்லை தராது.

ஆகவே தனியாகப் பார்ப்பவருக்கு என் யோசனை: 25 மி.மீ. பிளாஸலைத் தூக்கிப் போடாதீர்கள், கூட ஒரு 2 மடங்கு பார்லோ வாங்குங்கள். ஐபீஸுக்கு முன்னால் செருகி உருப்பெருக்கத்தைக் கூட்டும் இந்தப் பார்லோவும் குழிலென்ஸ்தான். 12.5 மி.மீ.க்குரிய உருப்பெருக்கம் வரும், ஐ ரிலீஃப் குறையாது. கோள்கள்மேல் ஆசை கூடினால் அப்புறம் ஜூம். காசு இருந்தால் விக்சன் நிறுவனத்தின் எஸ்எல்வி ஐபீஸ் வரிசையைப் பாருங்கள். எந்தக் குவியத் தூரத்திலும் 20 மி.மீ. ஐ ரிலீஃப் உண்டு.

பள்ளி மைதானத்தில் வரிசையாக ஆட்களை நிற்கவைத்து நிலாவைக் காட்டுபவருக்கு மட்டும் முதலிலேயே ஜூம் வாங்கச் சொல்வேன். அதன் ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டால் கண்ணாடி போட்ட தாத்தா கழற்றாமலே பார்ப்பார், அடுத்து வரும் பேத்திக்காக ஃபோகஸைத் தொட வேண்டியதில்லை.