விலை குறைந்துவிட்டதாம், வாங்கலாமா என்று கேட்கிறான்

நான் பினாங்குத் தீவில் இருக்கிறேன். எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். நான் வைத்திருக்கும் அதே சைக்கிள், அதே கறுப்பு. 2,300 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்றது இப்போது 1,690 வெள்ளியாம். "வாங்கலாமா? நீதானே அஞ்சு வருஷமா ஓட்டுற" என்று கேட்டிருந்தான். குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்து, ஏழு நிமிடம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், கேட்டவனுக்குத் தெரியும்.

அலுமினியச் சட்டம், பின்னால் எட்டு கியர், முன்னால் இரண்டு. இதெல்லாம் கடையில் சொல்வார்கள். அவர்கள் சொல்லாதது அந்தச் சத்தத்தைத்தான்.

வலது கால் கீழே இறங்கும்போது ஒரு 'டக்'. சமதளத்தில் அவ்வளவாகக் கேட்காது. பாலிக் பூலாவைத் தாண்டி தெலுக் பஹாங் பக்கம் மலை ஏறும்போது, தித்தி கெராவாங் வளைவுகளில், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக். டுரியான் கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்றாவது வருடத்தில்தான் அது ஆரம்பித்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது. அப்போது நாங்கள் மூன்று பேர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு குளுகோரில் கிளம்பி, பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், பத்து பெரிங்கி என்று தீவைச் சுற்றி வருவோம், சுமார் 70 கிலோமீட்டர். ஒருவன் அவனுடைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால் பாலிக் பூலாவ் வரைக்கும் நிறுத்தமாட்டான். இன்னொருவன் ஏற்றத்தில்கூடப் பாடுவான், மூச்சு வாங்க வாங்க. திட்டியவன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஜொகூர் பாருவில் வீடு, விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் வரிசையில் நிற்கிறானாம். பாடியவனுக்குப் போன தீபாவளிக்கு முன்னால் முட்டி ஆபரேஷன். சாயங்காலம் தாவரப் பூங்காவில் மெதுவாக நடக்கிறான், தினம் ஒரு குரங்குப் படம் அனுப்புகிறான். அப்புறம் நான் தனியாக ஓட்ட ஆரம்பித்தேன், சத்தம் கேட்க ஆரம்பித்தது.

முதலில் போன கடையில் பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சுதான் போய்விட்டது என்று புதிதாக மாற்றி 95 வெள்ளி வாங்கினார்கள். டக். பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டார்கள். டக். பல்சக்கர போல்ட்டுகளை முறுக்கினார்கள். அதற்கும் டக். கடைசியில் ஒரு கிழ தவுக்கேயிடம், அதாவது சைக்கிள் கடை முதலாளியிடம் போனேன். அவர் எந்தச் சாவியையும் எடுக்கவில்லை. "சீட்டிலிருந்து எழுந்து நின்று ஓட்டு" என்றார். ஓட்டினேன், சத்தம் இல்லை. உட்கார்ந்தேன், டக். பெடலில் அல்ல, சீட்டைத் தாங்கும் குழாயில்தான் கோளாறு. அதை உருவினால் உள்ளே மணலும் காய்ந்த வியர்வையும். துடைத்து, லேசாக கிரீஸ் தடவி, ஐந்து வெள்ளி.

ஆனால் இரண்டு மாதத்தில் மறுபடி டக். அந்தக் குழாய் இறங்கும் சட்டத் துளையின் உள்ளளவு மயிரிழை பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். 2,300 வெள்ளி வாங்கிய கம்பெனிக்கு அதைச் சரியாகக் கடைய முடியவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்த வருடங்களில் இது என்னை ஒருநாளும் வழியில் தள்ள வைத்ததில்லை. சட்டத்தில் கீறல் உண்டு, விரிசல் இல்லை. கியர் இன்னும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. பினாங்குக் கடல்காற்றில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் செயின் சிவந்துவிடும், ஆனால் அதற்குச் சைக்கிளைக் குறை சொல்ல முடியாது. செயின் விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அது 'நீள்கிறது' என்பார்கள். தகடு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்ந்து, அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார். ஒரு ஊசியில் ஆரம்பித்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஊசி வர வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பின்பல்லையும் தின்றுவிடும். நான் சோம்பேறித்தனத்தில் ஒருமுறை விட்டேன். 45 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது 150-ஐத் தாண்டியது.

வாங்கியது 2020 பிப்ரவரி. மார்ச் 18 கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் போலீஸ் தடுப்பு, மீறினால் 1,000 வெள்ளி. புதுச் சைக்கிள் ஹாலில் நின்றது, மனைவி அதில் துண்டு காயப்போட்டாள். மே மாதம் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகுதான் அதன் டயரில் மண் பட்டது.

தடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. போன ஏப்ரலில் ஒரு ராத்திரி, வேலை முடிந்து வரும் வழியில் ரோட் பிளாக். மோட்டார் சைக்கிள்களைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நழுவப் பார்த்தேன். ஒரு டார்ச் வெளிச்சம் என் மேல் விழுந்தது. அந்தப் போலீஸ்காரருக்கு என் மூத்த மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் 'என்றார்' என்றுதான் எழுத வருகிறது. சீருடையைப் பார்த்தால் அந்த 'ர்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. என் அப்பாவும் அப்படித்தான். தோட்டத்துச் சாலையில் தூரத்தில் மாத்தா-மாத்தா (போலீஸ்) தெரிந்தாலே விளக்கில்லாத சைக்கிளிலிருந்து குதித்துத் தள்ள ஆரம்பித்துவிடுவாராம். தள்ளிக்கொண்டு போனால் குற்றமில்லை என்பது அவர் கட்சி.

"அங்கள், பிரேக் அடா?" என்றார், பிரேக் இருக்கிறதா என்று மலாயில். பின்சக்கரத்தைத் தூக்கி, சுற்றிவிட்டு, பிடித்துப் பார்த்தார். இதில் எனக்குக் கோபமில்லை. பிரேக்கில்லாத பாசிக்கல் லாஜாக்கில், அதாவது மாற்றியமைத்த சைக்கிளில், பையன்கள் நடுரோட்டில் படுத்துக்கொண்டு போகும் ஊர் இது. 2017-இல் ஜொகூர் பாருவில் எட்டுப் பையன்கள் செத்தார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்து ரசீது கேட்டார். சைக்கிளுக்கு ரசீதை யார் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள்? சரி, சைக்கிள் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையாவது காட்டு என்றார். அது அந்த நடு அச்சுக்கு அடியில் இருக்கிறது. நடுச்சாலையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தண்ணீர் போத்தல் கவிழ்ந்து அவருடைய பூட்ஸில் கொட்டியது. டார்ச்சில் பார்த்தால் கிரீஸ், மண், அதன்மேல் தடியாகப் பெயின்ட். எண் இருக்கும் இடம் தெரிகிறது, எண் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் என் சொந்தச் சைக்கிளையே நான் திருடியது போல நின்றேன், பத்து நிமிடம்.

பிறகு விட்டுவிட்டார். "பின்விளக்கு, அங்கள்" என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்த்தால் பேட்டரி போய், அணைவதும் எரிவதுமாக இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜொகூருக்குப் போனவனின் சைக்கிளை மாமாக் கடை (சாப்பாட்டுக் கடை) வாசலில் யாரோ அடித்துக்கொண்டு போனார்கள், பூட்டோடு. பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) நானும் கூடப் போனேன். அங்கே இருந்த சார்ஜனும் முதலில் கேட்டது சட்ட எண்ணைத்தான். இவனுக்குத் தெரியாது. "கறுப்பு, ஹேண்டிலில் நீலப் பட்டை" என்று எழுதிக்கொண்டார். அந்த ரிப்போர்ட் நகல் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. சைக்கிள் கிடைக்கவில்லை. ஆக, இரண்டு போலீஸ்காரர்களும் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் சரியான கேள்வி. எண்ணை ஒழுங்காகப் பொறிக்காமல், அதன்மேல் பெயின்டை அப்பிய கம்பெனிமேல்தான் என் கோபம் இப்போது.

போன வாரம் சீட்டுக் குழாய்க்காகக் கிழ தவுக்கேயிடம் கவிழ்த்தபோது, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தையும் தேய்க்கச் சொன்னேன். எண் வந்தது. கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று அவரும் நானும் மாறி மாறிக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். 8 என்று போனில் படத்தோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆக, வாங்காதே. 1,690 வெள்ளிக்கும் வேண்டாம். என்னுடையதை விற்கிறாயா என்று மட்டும் கேட்காதே, தரமாட்டேன்.

உன் தம்பியின் பழைய சைக்கிள் சும்மாதானே நிற்கிறது? அதற்குக் காற்றடித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முதல் ஃபெர்ரியில் வா. பினாங்குப் பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள், அந்த யோசனை வேண்டாம். நான் படகுத்துறையில் நிற்கிறேன். தெலுக் கும்பாரில் பசியாறிக்கொள்ளலாம். கிளம்பும் முன் பின்விளக்கு எரிகிறதா என்று பார்.