பைனாரல் பீட்ஸ் தூக்கப் பெட்டி: தயவுசெய்து வாங்காதீர்கள்

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு காலை ஏழு மணிக்குப் படுப்பவன் நான். எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள், எட்டு மணிக்கெல்லாம் டைல்ஸ் அறுக்கும் மெஷின் ஆரம்பித்துவிடும். நாலு மாதமாகச் சரியாகத் தூங்காமல் கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் போனில் ஒலி எழுப்பித் தூங்க வைக்கும் பெட்டி ஒன்றின் விளம்பரம் வந்தது. 'பைனாரல் பீட்ஸ், பத்தே நிமிடத்தில் ஆழ்ந்த உறக்கம்', விலை 3,499 ரூபாய். உடனே ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்தது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா. அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். ஏமாற்று வேலையே இங்கேதான். பைனாரல் பீட்ஸ் என்றால் ஒரு காதுக்கு 200 ஹெர்ட்ஸ் ஒலி, இன்னொரு காதுக்கு 206 ஹெர்ட்ஸ் ஒலி என்று தனித்தனியாகப் போக வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 6 ஹெர்ட்ஸ் துடிப்பை மூளைதான் உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு ஹெட்போன் வேண்டும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் காற்றிலேயே கலந்துவிடும்.

சரி, மழைச் சத்தமாவது கேட்போம் என்று போட்டால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு 'டக்', பதிவு முடிந்து மறுபடி தொடங்கும் இடம் அது, அது முடிந்ததும் அதே தவளை அதே மாதிரி கத்தும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் அடுத்த 'டக்' எப்போது வரும் என்றே மனசு காத்திருக்கிறது. சீரான இரைச்சல் வெளிச்சத்தத்தை அமுக்கும் என்றுதானே இதையெல்லாம் வாங்குகிறோம்?

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துத்தான். தொட்டிலுக்குள், குழந்தையின் தலைமாட்டில் இந்தப் பெட்டி! 2014-இல் கனடா மருத்துவர்கள் குழந்தைகளுக்கான 14 தூக்க ஒலிக் கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தார்கள். 30 செ.மீ. தூரத்தில் மூன்று கருவிகள், நெடுநேரம் கேட்டால் காதையே கெடுக்கக்கூடிய 85 டெசிபலைத் தாண்டின. 200 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள், சத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்றுதான் சொன்னார்கள். அக்கா தன் கைக்குழந்தைக்கு இந்தப் பெட்டியைக் கேட்டாள், தரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'திறந்த பெட்டியை எடுக்க மாட்டோம்' என்றார்கள், இரண்டாம் முறை கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் ஏமாந்திருந்தால் பில்லையும் விளம்பர ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

இப்போது பழைய டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டுப் படுக்கிறேன். மெஷின் சத்தம் முழுசாக மறையவில்லை, ஆனாலும் பதினொரு மணி வரை தூங்க முடிகிறது.