பகிடியும் பகிடிவதையும்: ‘பாண்ட் காம்ப்’ பார்ப்பதா, வேறு ஏதும் போடுவதா?

கொழும்பில் கைமாறும் பென்டிரைவ்களிலும், வெள்ளவத்தைப் பக்கம் வீடுகளில் இன்னும் தூங்கும் பழைய டிவிடி உறைகளிலும் ‘அமெரிக்கன் பை 4’ என்றொரு பெயர் இருக்கும். பள்ளி மாணவரின் பாலியல் ஆர்வத்தை வைத்துப் பகிடி பண்ணும் அமெரிக்கப் படத்தொடர் அது. அதை நாலாம் பாகம் என்று நம்பிப் போடுகிறவர்தான் முதலில் ஏமாறுகிறார். திரையரங்குக்கு வந்தவை 1999, 2001, 2003 ஆம் ஆண்டுகளின் மூன்று படங்கள். அதற்குப் பிறகு 2005 இல் நேரே டிவிடிக்கு இறக்கப்பட்ட ‘அமெரிக்கன் பை பிரசென்ட்ஸ்: பாண்ட் காம்ப்’ படத்துக்குத்தான் சந்தை 4 என்று இலக்கம் போட்டது. ‘த நேக்கட் மைல்’ (2006) 5, ‘பீட்டா ஹவுஸ்’ (2007) 6, ‘த புக் ஒஃப் லவ்’ (2009) 7. பழைய நடிகர்கள் எல்லாரும் திரும்பி வந்த உண்மையான நாலாம் படமான ‘அமெரிக்கன் ரீயூனியன்’ (2012) இந்தக் கணக்கில் 8 ஆகிவிட்டது. ஆகவே இலக்கத்தைப் பார்க்க வேண்டாம், ஆண்டைப் பாருங்கள். தலைப்பில் ‘பிரசென்ட்ஸ்’ என்று இருந்தால் அது கிளைப்படம்.

‘பாண்ட் காம்ப்’ ஏன் சறுக்கியது என்று கேட்டால் காசில்லை, நல்ல இயக்குநர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் நிற்காது. அதை இயக்கிய ஸ்டீவ் ராஷ், 1987 இல் ‘கான்ட் பை மீ லவ்’ எடுத்தவர். பதின்ம வயதுப் படங்களில் இன்றும் பேசப்படும் ஒன்று அது. ‘பாண்ட் காம்ப்’ வந்து அடுத்த வருடமே, அதே யூனிவர்சல் நிறுவனத்துக்கு, அதே நேரடி டிவிடி முறையில் ‘பிரிங் இட் ஒன்: ஓல் ஓர் நத்திங்’ (2006) எடுத்தார். அது பார்க்கக்கூடிய படம். ஆள் ஒன்று, கடை ஒன்று, பண்டம் இரண்டு விதம். எனவே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். கூடவே தொலைக்காட்சிக்கென்றே எடுத்த ‘மீன் கேர்ள்ஸ் 2’ (2011) படத்தையும், ‘ரீயூனியன்’ படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் ‘பாண்ட் காம்ப்’. கதாநாயகன் மெட் ஸ்டிப்ளர், தாய்ப்படத்தில், அதாவது 1999 படத்தில், வந்த ஸ்டீவ் ஸ்டிப்ளரின் தம்பி. முதல் இரண்டு படங்களில் சின்னப் பெடியனாக எலி மரியந்தால் தலைகாட்டிய அதே தம்பிதான். இங்கே டாட் ஹில்கன்பிரிங்க் நடிக்கிறார். பட்டமளிப்பு நாளில் பாண்ட் வாத்தியங்களில் மிளகு ஸ்பிரே அடித்துவிட்டு மாட்டிக்கொள்கிறான். தண்டனையாக வாத்தியக் குழுவின் கோடை முகாமுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே ஒளித்து வைத்த கமராக்களால் பெண்களைப் படம்பிடித்து வீடியோ தயாரிப்பது அவன் திட்டம். இடையில் குழுத் தலைவி எலிஸ் மேல் காதல்.

இதில் முதல் பிழை ஆளைத் தெரிந்தெடுத்ததிலேயே இருக்கிறது. 1999 படத்தில், பள்ளியை விட்டுப் போகுமுன் முதல் உடலுறவு கொள்வதென்று சபதம் எடுத்த நால்வர் ஜிம், கெவின், ஓஸ், ஃபின்ச். ஸ்டிப்ளர் அந்த நால்வரில் இல்லை. அவன் நடுநடுவே வந்து வாயைத் திறப்பான், வாங்கிக் கட்டிக்கொண்டு போவான். பாணுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் கட்டைச்சம்பல். பீங்கான் நிறையச் சம்பலைப் போட்டுவிட்டு ஓரத்தில் ஒரு துண்டுப் பாணை வைத்தால் என்ன ஆகும்? ‘பாண்ட் காம்ப்’ மட்டுமில்லை, அதற்குப் பின் வந்த கிளைப்படங்களும் ஸ்டிப்ளர் என்ற குடும்பப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்கின. 2020 இல் வந்த ‘கேர்ள்ஸ் ரூல்ஸ்’ படத்தில்கூட ஒரு ஸ்டெஃபனி ஸ்டிப்ளர்.

இரண்டாவது பிழை இன்னும் நுணுக்கமானது. தாய்ப்படத்தில் மிஷெல் (அலிசன் ஹானிகன்) வாயைத் திறந்தாலே பாண்ட் முகாமில் நடந்த ஏதோ ஒன்றைத்தான் சொல்லத் தொடங்குவாள். ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். பார்க்கிற நமக்கும் சலிப்புத் தட்டும் நேரத்தில், கடைசியில் அவள் சொல்லும் ஒரு வசனம் ஜிம்மையும் நம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்த முகாமைப் படம் ஒரு தடவையாவது காட்டியிருந்தால் அந்த வசனம் வெடித்திருக்காது. காட்டாமல் விட்டதுதான் அதன் வெடிமருந்து. கிளைப்படமோ அந்த முகாமையே ஒன்றரை மணித்தியாலம் காட்டுகிறது: மரங்கள், குடில்கள், சீருடை. பார்த்து முடித்த பிறகு மிஷெலின் பழைய வசனமும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும்.

மூன்றாவதுதான் பெரிது. எங்கள் பேச்சில் பகிடி என்று ஒரு சொல் உண்டு, பகிடிவதை என்று இன்னொன்று. முதலாவதுக்குச் சிரிக்கிறோம். இரண்டாவது, கல்வி நிலையங்களில் மாணவரை வதைப்பது; அதைத் தடுக்க இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தாய்ப்படத்தின் பெயருக்கே காரணமான அந்த அடுக்களைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பிள் பை என்ற பழப் பண்டத்தோடு உடலுறவு கொள்ளப்போய் ஜிம் கையும் களவுமாக அகப்படுகிறான். வாசலில் அப்பா. சத்தம் போடவில்லை. பிறகு மேசையில் சிதைந்து கிடக்கும் பையைப் பார்த்தபடி, நாங்களே முழுதும் சாப்பிட்டுவிட்டோம் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்கிறார். சிரிப்பு அந்தப் பண்டத்தில் இல்லை, அந்த அப்பாவின் முகத்தில் இருக்கிறது. ‘பாண்ட் காம்ப்’ இதே காட்சியை ஓபோ என்ற ஊதுகருவியை வைத்துத் திருப்பிச் செய்கிறது. பொருள் மட்டும் மாறியிருக்கிறது. பெற்ற அப்பா வாசலில் இல்லாததால் வெட்கமும் இல்லை. மெட் வலியில் துடிப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம்.

கமரா விடயமும் அப்படித்தான். 1999 படத்திலும், நாடியா என்ற மாணவியை ஜிம் வெப்கமராவில் ஒளித்துப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. இன்றைக்குப் பார்த்தால் அது உறுத்தும்; நாடியா ஊருக்கே திருப்பி அனுப்பப்படுவதைப் படம் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. ஆனாலும் அங்கே பள்ளி முழுவதும் பார்த்துச் சிரித்தது ஜிம்மின் கோமாளி ஆட்டத்தைத்தான். பொறி வைத்தவனே பொறியில் விழுகிறான். கிளைப்படத்தில் ஒளித்த கமராதான் கதையின் முதுகெலும்பு, அகப்படுவோர் மற்றவர்கள். குட்டு வெளிப்பட்டதும் எலிஸ் கோபிக்கிறாள், பிறகு மெட் அவளுடைய புலமைப்பரிசிலுக்குக் கைகொடுக்கிறான், கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மற்றப் பெண்களின் பக்கம் படம் நின்று திரும்பிப் பார்ப்பதில்லை. பகிடி எந்த இடத்தில் பகிடிவதையாக மாறுகிறது என்பது அதை எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஜிம்மின் அப்பாவாக நடிக்கும் யூஜின் லெவி வருகிறாரே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். திரையரங்குப் படங்கள் நான்கிலும் 2009 வரையான கிளைப்படங்கள் நான்கிலும் அவர் உண்டு, உண்மை. ஆனால் அவரை வைத்து என்ன செய்கிறார்கள்? ஹோலில் ரீவியை நிப்பாட்டிவிட்டு அப்பா “இதில இரு, கொஞ்சம் கதைக்கோணும்” என்றால் வயிற்றில் ஒன்று புரளும். அந்தப் புரட்டல்தான் ஜிம்மின் அப்பா பாத்திரத்தின் முழுச் சங்கதியும். முகாமில் அவர் பிணக்குத் தீர்க்கும் அதிகாரி. முன்பின் தெரியாத பெடியனுக்கு ஓர் அதிகாரி புத்தி சொன்னால் யாருக்கு வெட்கம்? நல்ல நடிகர், அதே கண்ணாடி, அதே புருவம், வேலை மட்டும் இல்லை.

வாத்தியப் படமாகவாவது தேறுமா? மார்ச் மாதத்தில் எஸ்.எஸ்.சி. மைதானத்துப் பக்கம் பிக் மெட்ச் என்ற பள்ளிக் கிரிக்கெட் போட்டிகளில் முழங்கும் பப்பரே பாண்ட் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் படத்தின் பாண்ட் பசிக்குப் போதாது. பப்பரேயில் ட்ரம்பெட் ஒன்று எடுத்துக் கொடுக்க, மேளம் விழ, கூட்டம் சேர்ந்துகொள்வது காதுக்கு முன்னாலேயே நடக்கும். வாத்தியக் குழுவைப் பற்றிய கதைக்கும் அதுவே அடிப்படை: ஒரு மெட்டை முதலில் பிசகாகக் கேட்க வேண்டும், பிறகு கூடி வருவதைக் கேட்க வேண்டும். இங்கே பயிற்சி எல்லாம் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, பள்ளிகளுக்கிடையிலான புள்ளிக் கணக்காக மட்டும் எஞ்சுகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. மேளக்காரன் பிரண்டனோடு மெட் வெறும் முக்கோண மணியை வைத்து மோதித் தோற்கப்போய், பிறகு பாக்பைப்போடு திரும்பி வரும் இடம். அந்தச் சில நிமிடத்தில் மட்டும் இது வேறு படமாக இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

‘ஓல் ஓர் நத்திங்’ படத்துக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டின் ‘பிரிங் இட் ஒன்’ வெறும் உற்சாக ஆட்டப் (சியர்லீடிங்) படமில்லை. வசதியான பள்ளியின் குழு, கறுப்பின மாணவிகளின் குழு உருவாக்கிய ஆட்டங்களைத் திருடி வருடக்கணக்காகக் கிண்ணம் வென்றிருக்கிறது என்ற உண்மை வெளிவருகிறது. கடைசியில் கதாநாயகியின் குழு இரண்டாமிடம்தான் வருகிறது. பழைய ஆட்கள் ஒருவரும் இல்லாமல் எடுத்த கிளைப்படம், அந்த உறுத்தலை மட்டும் கடன் வாங்கிக்கொண்டது. பிரிட்னி (ஹேடன் பனட்டியர்) வசதியான பள்ளியில் குழுத் தலைவி. குடும்பம் இடம் மாற, கிரென்ஷோ ஹைட்ஸ் பள்ளிக்குப் போகிறாள். அங்கே தலைவி கமீல் (சொலாஞ்ச் நோல்ஸ்). பழைய திறமை இங்கே செல்லாது. கிரம்பிங் என்ற தெரு ஆட்டத்தை அடியிலிருந்து பழக வேண்டும். ஆட்டம் வராமல் தடுமாறுகிறவள் கதாநாயகிதான். அடி அவள் மேல் விழுகிறது, ஆகவே சிரிக்க முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. நிறத்தை வைத்துச் சொல்லும் பகிடிகள் பல கரடுமுரடானவை, துணைப் பாத்திரங்கள் அச்சில் வார்த்தவை. பரிசாக ரிஹானாவோடு மேடையேறும் வாய்ப்பும் பள்ளிக்குக் கணினிகளும் என்பது பட்டவர்த்தனமான விளம்பரம். 2005 இல்தான் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட ரிஹானா அவராகவே வந்து போகிறார். ஆனால் ஆட்டங்களை ராஷ் முழுதாகப் பார்க்க விடுகிறார். தொடக்கத்தில் பிரிட்னி எப்படி ஆடினாள், முடிவில் எப்படி ஆடுகிறாள் என்பது கண்ணுக்குத் தெரியும். ‘பாண்ட் காம்ப்’ காதுக்குத் தராததை இது கண்ணுக்குத் தந்துவிடுகிறது.

‘மீன் கேர்ள்ஸ் 2’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2004 படம் ரோசலிண்ட் வைஸ்மன் மாணவிகளின் குழுப் பிரிவினைகளைப் பற்றி எழுதிய உண்மை நூலிலிருந்து ரீனா ஃபே எழுதியது; அதனால்தான் அதன் கேலி குத்தியது. இரண்டாவதில் அவர் இல்லை. பழையவர்களில் அதிபர் டுவாலாக வரும் ரிம் மெடோஸ் மட்டும் மிச்சம். பணக்காரத் தகப்பன் தன் மகள் அபிக்குத் தோழியாக இருக்கும்படி ஜோ என்ற மாணவியின் பல்கலைக்கழகச் செலவை ஏற்கிறார் என்பது கதை. ராஷின் 1987 படத்திலும் இதே முடிச்சுத்தான்: ஒரு மாதம் காதலியாக நடிக்க ஆயிரம் டொலர். அங்கே வாங்கிய மதிப்பு வாங்கினவனையே கெடுக்கிறது. இங்கே காசு கைமாறிய சங்கதி வெளிவந்து, அழுது, மன்னித்து, பந்து விளையாடி முடிகிறது. பல் பிடுங்கிய படம், ஆனால் யாரையும் கடிக்கவும் கடிக்காது.

‘ரீயூனியன்’ இந்தப் பட்டியலில் உயரத்தில் நிற்பதற்குக் காரணம் பழைய முகங்கள் மட்டுமல்ல. 13 வருடம் கழித்து ஸ்டிப்ளர் ஒரு நிதி நிறுவனத்தில் தற்காலிக ஊழியன். மேலதிகாரி அவனைக் கிள்ளுக்கீரையாக நடத்துகிறான். வதைத்தவன் வதைபடுகிறான். ஜிம்மின் அப்பா மனைவியை இழந்தவர், இப்போது மகன் அப்பாவுக்குப் புத்தி சொல்ல வேண்டிய நிலை. பழைய வெட்கம் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. நடுவில் வந்த கிளைப்படங்களின் கதையை இந்தப் படம் கண்டுகொள்ளவே இல்லை. கிளைகளைப் பார்க்காமல் நேரே 2003 இலிருந்து 2012 க்குத் தாவினாலும் ஓர் இழையும் அறாது.

இனி, எந்த வீட்டில் எதைப் போடுவது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் ஹோலும் சாப்பாட்டு மேசையும் ஒன்றுதான். அம்மம்மா எந்த நேரமும் வந்து இருந்துவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் ‘மீன் கேர்ள்ஸ் 2’ அல்லது ‘ஓல் ஓர் நத்திங்’. ‘அமெரிக்கன் பை’ என்ற பெயர் உள்ள எதுவும் அங்கே வேண்டாம். ரிமோட்டைத் தேடுவதற்குள் மானம் போய்விடும். நண்பர்கள் மட்டும் கூடுகிற இரவென்றால் 1999 படமும் ‘ரீயூனியன்’ உம் அடுத்தடுத்து. நெற் வழியே பார்ப்பதானால் சாதாரணத் தரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி., எச்.டி. என்றால் 3 ஜி.பி. வரை போகும். கிளைப்படங்களுக்கு எச்.டி. செலவு செய்வது வீண்.

‘பாண்ட் காம்ப்’ தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது தணிக்கைத் தரம் பெற்ற பதிப்பாகவும், பெறாத நீண்ட பதிப்பாகவும் இரண்டு விதமாக உலாவுகிறது. ஒன்றின் சப்டைட்டிலை மற்றதற்குப் போட்டால் தொடக்கத்தில் சரியாக ஓடும், பிறகு வசனம் ஓரிடம் எழுத்து ஓரிடமாகிவிடும். படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி. யில் ஜி, எச் விசைகளை அழுத்தி நேரத்தை முன்பின் நகர்த்தலாம், ஆனால் கூடுதல் காட்சி ஒன்று வந்ததும் மறுபடி விலகும். படத்தின் மொத்த நீளத்தைப் பார்த்து அதற்குரிய சப்டைட்டிலைத் தேடி எடுப்பதுதான் வழி. அவ்வளவு பாடுபட மனமில்லாவிட்டால் தொடக்கத்து மிளகு ஸ்பிரே கலவரத்தைப் பாருங்கள், பாக்பைப் வரும் இடத்துக்கு ஓட்டுங்கள், அதோடு நிப்பாட்டுங்கள். பாக்பைப்புக்குச் சப்டைட்டில் தேவையில்லை.